எட்டாவது வளைவுல சித்திக்கு வந்தது என்ன, கவுன்சிலிங் அதை எப்படி சரி பண்ணுச்சு

"கவுன்சிலிங்னா என்னடா, போய் உக்காந்தா நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவாங்க, அதை நானே சொல்லிட்டுப் போறேன், அதுக்கு எதுக்குக் காசு?" எங்க சித்தப்பா கேட்ட கேள்வி இது. அவரை மட்டும் குறை சொல்ல முடியாது, சித்தியை முதல் தடவை கூட்டிட்டுப் போறப்ப எனக்கும் கிட்டத்தட்ட அதே நெனப்புதான். பன்னெண்டு சிட்டிங் வெளிய பெஞ்சுல காத்துக் கெடந்து, நடுவுல சில வேலைக்கு நானும் கூட ஓடி, அப்புறம்தான் உள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சுது. அதைத்தான் இங்க எழுதறேன்.

சித்திக்கு வீடு சேலம் அம்மாபேட்டை, மகளைக் கட்டிக் கொடுத்திருக்கறது ஏற்காட்டுல. ஒரு நாள் மகளைப் பாக்க பஸ்ல போறாங்க, நல்ல கூட்டம், எட்டாவது கொண்டை ஊசி வளைவுல வண்டி திரும்பறப்ப நெஞ்சு படபடன்னு அடிச்சு, கை விரலெல்லாம் மரத்துப் போய், மூச்சு வாங்கி, இதோ உயிர் போகுதுன்னு கத்திட்டாங்க. பஸ்ஸை நிறுத்தி எறக்கி, ஒரு கார்ல கீழ கொண்டு வந்தோம். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் பாத்தாச்சு, எல்லாமே நார்மல். "ஒண்ணும் இல்லம்மா, கேஸ்தான்"னு அனுப்பிட்டாங்க. ஒண்ணும் இல்லாமயா ஒரு மனுஷி அப்படி துடிச்சா? பயந்துட்டா, காத்து அடிச்சிருக்கும்னு மந்திரிச்சுக் கயிறும் கட்டியாச்சு. அப்புறம் ஏற்காட்டு பஸ் நின்னுச்சு, கொஞ்ச நாள்ல அஞ்சு ரோடு போற டவுன் பஸ்ஸும் நின்னுச்சு, ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் கோவிலுக்குக் கூட கூட்டத்தைப் பாத்து பாதியில திரும்பிட்டாங்க.

சித்திக்கு வந்ததுக்குப் பேரு பேனிக் அட்டாக். ஆபத்துன்னு மூளை தப்பா மணி அடிச்சுடுது, உடனே அட்ரினலின்ங்கற ஹார்மோன் சுரந்து இதயம் வேகமா ஓடுது, மூச்சும் வேகமாகுது. தேவைக்கு மேல மூச்சு விடுறதால ரத்தத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு கொறைஞ்சு போகுது, அதனால தலை சுத்துது, விரல் நுனியும் உதட்டைச் சுத்தியும் மரத்துப் போகுது. இது எதுவும் கற்பனை இல்ல, ஒடம்புல நெசமா நடக்கறதுதான். ஆனா இதுல உயிர் போகாது, வந்து பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போய் தானா எறங்கிடும். மயக்கம் போட்டு விழுந்துடுவேன்னு எல்லாரும் பயப்படுவாங்க, ஆனா மயக்கம் வரணும்னா பிபி சடார்னு கொறையணும், பேனிக்ல பொதுவா பிபி ஏறத்தான் செய்யும்.

சிக்கல் இதுக்கு அடுத்துதான். டேவிட் கிளார்க்னு ஒரு பிரிட்டிஷ் சைக்காலஜிஸ்ட் 1986ல இதைத் தெளிவா எழுதினாரு: நெஞ்சு லேசா படபடக்குது, "அய்யோ ஹார்ட் அட்டாக்"னு மனசு அர்த்தம் பண்ணிக்குது, அந்த பயத்துல படபடப்பு இன்னும் கூடுது, "பாத்தியா நெசம்தான்"னு மனசு உறுதி பண்ணிக்குது. செக்குமாடு மாதிரி அதே வட்டத்துல சுத்திச் சுத்தி வரும். இந்த வட்டத்துக்குள்ள இருக்கற ஆளுகிட்ட "தைரியமா இரு, மனசைப் போட்டு கொழப்பிக்காதே"ன்னு சொன்னா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. சித்தப்பா இந்த நல்ல வார்த்தையை ஆறு மாசமா தெனமும் சொல்லிட்டுத்தான் இருந்தாரு.

கவுன்சிலிங் பண்ண சைக்காலஜிஸ்ட் மேடம் அட்வைஸே பண்ணலைங்க. இரண்டாவது சிட்டிங்ல ஒரு ஜூஸ் ஸ்ட்ராவைக் கையில கொடுத்து, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் அது வழியா மட்டும் மூச்சு விடுங்கன்னாங்களாம். அடுத்து சுத்துற நாற்காலியில உக்கார வெச்சு ஒரு நிமிஷம் சுத்தி விட்டிருக்காங்க. தலை சுத்துது, நெஞ்சு அடிக்குது, பஸ்ல வந்த அதே மாதிரி. "இப்ப என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க?"ன்னு கேட்டு ஒரு நோட்டுல எழுத வெச்சாங்க. "செத்துடுவேன்"னு சித்தி எழுதுனாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு "என்ன ஆச்சு?"ன்னு கேட்டு அதையும் பக்கத்துலயே எழுத வெச்சாங்க. அந்த நோட்டு இன்னும் வீட்டுல இருக்கு, பக்கத்துக்குப் பக்கம் இடது பக்கம் "செத்துடுவேன்", வலது பக்கம் "ஒண்ணும் ஆகல, வேர்த்துச்சு".

இதுல பெரிய மந்திரம் ஒண்ணும் இல்ல. 1924லயே மேரி கவர் ஜோன்ஸ்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் அம்மா முயலைப் பாத்தாலே அலறுன பீட்டர்ங்கற சின்னப் பையனுக்கு, பிடிச்சதை சாப்பிடக் கொடுத்துக்கிட்டே கூண்டுல இருந்த முயலைக் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டு வந்து, கடைசியில அவனே அதைத் தடவிக் கொடுக்கற அளவுக்குக் கொண்டு வந்தாங்க. 1960கள்ல ஆரோன் பெக்னு ஒரு அமெரிக்க சைக்யாட்ரிஸ்ட், மனசுல ஓடுற எண்ணத்தைப் பிடிச்சு சோதிச்சுப் பாக்கற முறையை உருவாக்குனாரு. இந்த ரெண்டு ஓடையும் பின்னாடி சேந்து ஓடுறதுதான் இன்னைக்கு சிபிடின்னு (காக்னிடிவ் பிஹேவியரல் தெரபி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாத்தற சிகிச்சை) சொல்றது. எல்லா தெரபியும் இப்படியே இருக்காது, துக்கத்துக்கு, புருஷன் பொண்டாட்டி பிரச்சனைக்கெல்லாம் வேற வேற முறை உண்டு.

எங்களுக்கு ஏற்காட்டு ரோடே படிக்கட்டு ஆயிடுச்சு, மொத்தம் 20 வளைவு இருக்கே. மொத வாரம் என் ஸ்கூட்டர்ல அடிவாரம் வரைக்கும் போய் டீ குடிச்சுட்டு வந்தோம். அடுத்து ரெண்டாவது வளைவு, அப்புறம் அஞ்சு. எட்டாவது வளைவுல ஓரமா நிறுத்தி, பயம் தானா எறங்கற வரைக்கும் நின்னோம், இருபது நிமிஷத்துக்கு மேலயே ஆச்சு, சித்தி என் தோளை இறுக்கிப் பிடிச்சது சாயங்காலம் வரைக்கும் வலிச்சுது. பயம் இருக்கறப்பவே திரும்பி வந்துட்டா "தப்பிச்சு வந்ததாலதான் பொழச்சோம்"னு மூளை கத்துக்கும், அதனாலதான் அந்தக் காத்திருப்பு.

அப்புறம் பஸ். அங்கதான் எலுமிச்சம்பழ விஷயம் வந்துச்சு. மலை பஸ்ல ஏறுனா வாந்திக்கு எலுமிச்சம்பழம் மோந்துக்கிட்டே போறது நம்ம எல்லாருக்கும் பழக்கம், சித்தியும் கையில ஒண்ணு, பையில ஒண்ணு, கூட தண்ணி பாட்டில், கயிறு. எப்படியோ மேல போயிட்டு வந்துட்டாங்க, எனக்கு ஒரே சந்தோஷம். ஆனா மேடம் "அடுத்த தடவை பழம் இல்லாம போங்க"ன்னுட்டாங்க. எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு, பாவம் அந்தப் பழம் என்ன பண்ணுச்சு? விஷயம் என்னன்னா, பழம் கையில இருக்கற வரைக்கும் பொழச்சதுக்குக் காரணம் பழம்னு மூளை கணக்கு எழுதிக்கும், "இந்த படபடப்பால எனக்கு ஒண்ணும் ஆகாது"ங்கறதைக் கத்துக்கவே கத்துக்காது. வெறுங்கையோட போன அன்னைக்குத்தான் சித்தி முகத்துல நான் மாற்றத்தைப் பாத்தேன்.

மாத்திரை பத்தியும் சொல்லிடறேன். கவுன்சிலிங் பண்ற சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டாங்க, அது சைக்யாட்ரிஸ்ட் வேலை, அவங்க எம்பிபிஎஸ் முடிச்ச டாக்டர். சில பேருக்கு ரெண்டும் தேவைப்படும். பதட்டத்துக்கும் மனச்சோர்வுக்கும் இப்ப அதிகமா கொடுக்கற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை வேலை செய்யவே சில வாரம் எடுக்கும், போதை மாதிரி ஏங்க வைக்காது, ஆனா டக்குனு நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்ற மாதிரி கொறைக்கணும். தூக்கத்துக்கும் பதட்டத்துக்கும் கொடுக்கற பென்சோடயஸபைன் வகைதான் ரொம்ப நாள் போட்டா பழகிடும், அதைக் கடையில கேட்டு வாங்கிப் போடற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கறது எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்கு.

"பைத்தியத்துக்குத்தானே அங்க போவாங்க"ங்கறதுக்கு ஒரு கணக்கு போதும். 2015-16ல பெங்களூர்ல இருக்கற தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உட்பட 12 மாநிலத்துல எடுத்த சர்வேல பதினெட்டு வயசு ஆனவங்கள்ல 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சனை இருந்துச்சு, அதுல முக்கால்வாசிப் பேருக்கு மேல சிகிச்சையே போய்ச் சேரல. நாலு பேருக்குத் தெரிஞ்சா மகளுக்குக் கெட்ட பேரு ஆகிடுமோன்னு சித்தியும் பயந்தாங்க. 2017 மனநல பராமரிப்புச் சட்டத்துல ரகசியம் காக்கணும்னு தெளிவா இருக்கு, உயிருக்கு ஆபத்துங்கற மாதிரி சில நேரம்தான் விதிவிலக்கு. காசு இல்லைன்னா சேலம் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, 14416க்கு போன் போட்டா டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி லைன்ல எந்நேரமும் தமிழ்லயே பேசலாம்.

கடைசியா ஒண்ணு, குணமாயிட்டா திரும்ப வரவே வராதுன்னு நெனைக்கறாங்க, வந்துட்டா எல்லாம் வேஸ்ட்னு விட்டுடறாங்க. பழைய பயம் மூளையில அழியறதில்ல, அதுக்குப் பக்கத்துல புதுசா ஒரு பாடம் எழுதப்படுது. அணைஞ்சு போன பழக்கம் கொஞ்ச நாள் கழிச்சு தானா தலை காட்டும்னு ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நாயை வெச்சு ஆராய்ச்சி பண்ணப்பவே பாத்திருக்காரு. சித்திக்கும் போன மாசம் பதினோராவது வளைவுல திரும்ப வந்துச்சு, கூட யாரும் இல்ல. எறங்கல. ஏற்காடு போய்ச் சேந்து எனக்கு போன் பண்ணாங்க: "வந்துச்சு கண்ணு, பதினஞ்சாவது வளைவு வரைக்கும் கூடவே வந்துச்சு, அப்புறம் காணோம். சரி வெச்சுடறேன், பேரன் அழறான்."