ஜெர்ம்லைன் – வித்துவழி

மும்பையில் பரேல் டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் தாராவி, செம்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் இப்போது புழங்கும் சொல் 'ஜெர்ம்லைன்'. ரிப்போர்ட்டில் அதைப் பார்த்ததும் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது: "ஜெர்ம்னா கிருமிதானே, ஒட்டிக்குமா?"

ஒட்டாது. லத்தீனில் 'கெர்மென்' என்றால் முளை, வித்து. ஆங்கிலத்துக்கும் முதலில் அந்தப் பொருளில்தான் வந்தது. கடைகளில் விற்கும் 'வீட் ஜெர்ம்' கோதுமையின் முளைக்கருதான். நோய்க்கும் ஒரு வித்து உண்டு என்று பேசிப் பேசி, 19ஆம் நூற்றாண்டில் கிருமிக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

1892இல் ஜெர்மன் உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மன், பிள்ளைக்குப் போவது வித்தணுக்களின் (கருமுட்டை, விந்து) சரக்கு மட்டுமே, உடம்பின் மற்ற அணுக்களில் (செல்களில்) நேர்வது அந்த ஆளோடு முடிகிறது என்று நூலாகவே எழுதினார். புகையிலையால் நுரையீரல் அணுவில் விழுந்த பழுது மகனுக்குப் போகாது. அது 'சொமாட்டிக்', தமிழில் உடலணு மாற்றம். கருமுட்டையிலோ விந்திலோ இருந்து வந்த பழுதுதான் 'ஜெர்ம்லைன்'. அது உடம்பின் எல்லா அணுக்களிலும் இருக்கும். அதைக் கண்டறியக் கட்டியை வெட்டிப் பார்க்க வேண்டியதில்லை, ரத்தமோ எச்சிலோ போதும்.

1994இல் பிஆர்சிஏ1, 1995இல் பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களை இனங்கண்டார்கள். இவற்றில் வித்துவழிப் பழுதுள்ள பெண்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்று வரக்கூடும். ஆனால் மார்பகப் புற்றுகளில் இந்த வழியில் வருபவை 5 முதல் 10 சதவீதமே.

தமிழில் என்ன சொல்வது? பாடநூல் 'இனச்செல்' என்கிறது. 'இனம்' என்றதும் நம்மவர்களுக்குச் சாதி ஞாபகம் வந்துவிடும். 'பரம்பரை வியாதி' பழகிய பேச்சு, மும்பை இந்தியில் 'கான்தானி'. இரண்டுமே வியாதியே இறங்கி வருவதுபோல் மிரட்டுகின்றன. இறங்குவது வாய்ப்பு மட்டும்தான், அந்தப் பழுதும் பிள்ளைக்குப் போவது பாதிக்குப் பாதி. என் ஓட்டு 'வித்துவழி'க்கு.

"அம்மாவுக்கு வித்துவழி மாற்றம் இருக்காம், எனக்கும் தம்பிக்கும் ரத்தம் எடுக்கணும்" என்றால் புரியும். தம்பிக்கு எதற்கு என்று சித்தி கேட்பார். பிஆர்சிஏ2 பழுது ஆணுக்கு புராஸ்டேட் புற்று வாய்ப்பைக் கூட்டும். அவனுக்கு ஒன்றும் வராமலே மகளுக்கும் போகலாம்.