பிரிட்டனில் பிள்ளைப் பராமரிப்புத் தொகை: கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

பிரிந்த பெற்றோர் தங்களுக்குள் பேசி ஒரு தொகைக்கு வந்துவிட்டால் அரசு தலையிடாது. பேச்சு ஒத்துவராதபோதுதான், தொகையைக் கணக்கிட்டுத் தரும் அரசுச் சேவையான சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸிடம் போகவேண்டும். பிள்ளைக்கு 16 வயதாகும் வரை விண்ணப்பிக்கலாம். பள்ளி மட்டத்திலான முழுநேரப் படிப்பு தொடர்ந்தால் 20 வயது வரை. பல்கலைக்கழகப் படிப்பு இதில் சேராது. முன்பு வாங்கிய 20 பவுண்ட் விண்ணப்பக் கட்டணம் 2024 பிப்ரவரியில் எடுக்கப்பட்டுவிட்டது. விண்ணப்பம் வந்திருப்பதாகக் கட்டவேண்டியவருக்குத் தெரிவிக்கும் நாளிலிருந்துதான் தொகை ஓடத் தொடங்கும். அதற்கு முந்தைய மாதங்களுக்கு எதுவும் கிடைக்காது என்பதால் தள்ளிப்போடுவது நட்டம்.

கணக்குக்கு அடிப்படை, கட்டுபவரின் வரிக்கு முந்தைய வார வருமானம். ஓய்வூதியத்துக்குக் கட்டும் பங்கை மட்டும் அதில் கழிப்பார்கள். வாடகை, வீட்டுக் கடன், கார் தவணை எதுவும் கழியாது. பிள்ளையை வைத்திருப்பவர் எவ்வளவு சம்பாதித்தாலும் தொகை மாறாது. பலருக்கு இது அநியாயமாகப் படும். ஆனாலும் விதி அதுதான்.

வார வருமானம் 200 முதல் 800 பவுண்ட் வரை இருந்தால் ஒரு பிள்ளைக்கு 12 சதவீதம், இருவருக்கு 16, மூவருக்கும் அதற்கு மேலும் 19. 800க்கு மேல் 3,000 வரை உள்ள பகுதிக்கு மட்டும் முறையே 9, 12, 15. அதையும் தாண்டிய வருமானத்தை இந்தச் சேவை தொடாது, நீதிமன்றத்தைத்தான் நாடவேண்டும். 7 முதல் 100 பவுண்ட் வரை வருமானம் உள்ளவரும், குறிப்பிட்ட அரசு உதவித்தொகைகள் பெறுபவரும் வாரம் 7 பவுண்ட் கட்டுவார்கள். 100க்கும் 200க்கும் இடைப்பட்டவர்களுக்குக் குறைக்கப்பட்ட தனி விகிதம் உண்டு.

கட்டுபவருடைய வீட்டில் வேறு பிள்ளைகள் வாழ்ந்தால், புதிய துணையின் பிள்ளைகளும் சேர்த்தி, விகிதம் போடும் முன்பே வருமானத்தில் ஒரு பிள்ளை என்றால் 11 சதவீதம் குறையும். இருவர் என்றால் 14, மூவர் முதல் 16.

ஆண்டுக்கு 31,200 பவுண்ட் வாங்குபவரின் வார வருமானம் 600. அவர் வீட்டில் ஒரு பிள்ளை இருப்பதால் 66 போக 534. பிரிந்த துணையிடம் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு 16 சதவீதம் போட்டால் 85.44 பவுண்ட்.

அடுத்து இரவுக் கணக்கு. பிள்ளை கட்டுபவரிடம் ஆண்டுக்கு 52 முதல் 103 இரவு தங்கினால் ஏழில் ஒரு பங்கு குறையும். 104 முதல் 155 வரை ஏழில் இரண்டு, 156 முதல் 174 வரை ஏழில் மூன்று. 175 இரவிலிருந்து பாதி குறையும், அதோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 7 பவுண்டும் கழியும். பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டாலும் இரவு தங்காவிட்டால் கணக்கில் வராது. மேலே சொன்னவரிடம் 103 இரவு தங்கினால் 73.23, 104 இரவு தங்கினால் 61.03. ஓர் இரவுக்கு வாரம் 12.20 பவுண்ட் வித்தியாசம்; பெரும்பாலான தகராறு இந்த எல்லைக்கோட்டில்தான் முளைக்கும். பிள்ளை இரவு தங்குவதை இருவரும் ஒப்புக்கொண்டு, எத்தனை இரவு என்பதில் மட்டும் முரண்பட்டால், வாரத்துக்கு ஓர் இரவு என்று வைத்துக் கணக்கிடலாம். நாட்காட்டியில் தேதி குறித்து வைத்திருப்பவருக்கே வாதம் எளிது.

இன்னொரு சிக்கல் பழைய வருமானம். வரித்துறையிடம் உள்ள கடைசி முழு ஆண்டின் விவரத்தையே எடுப்பார்கள். இப்போதைய சம்பளம் அதிலிருந்து குறைந்தது 25 சதவீதம் மாறியிருந்தால்தான் புதியதை ஏற்பார்கள். 600 வாங்கியவருக்கு 460 ஆகக் குறைந்தால் போதாது, 450க்கு இறங்கவேண்டும். ஆண்டுதோறும் ஒரு மறுகணக்கு உண்டு. வாடகை, பங்கு லாபம் போன்ற உழைக்காத வருமானம் ஆண்டுக்கு 2,500 பவுண்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால், அதைச் சேர்க்கச் சொல்லிப் பெறுபவர் தனியாகக் கேட்கவேண்டும். தானாகச் சேர்க்கமாட்டார்கள்.

தொகையை நேரடியாகக் கொடுத்துக்கொண்டால் கூடுதல் செலவு இல்லை. சேவையே வசூலித்துக் கொடுத்தால் கட்டுபவர் 20 சதவீதம் கூடுதலாகச் செலுத்துவார், பெறுபவருக்கு 4 சதவீதம் குறையும். 61.03 என்ற தொகைக்கு ஒருவர் 73.24 கட்ட, மற்றவர் கைக்கு 58.59 வரும்.

பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்று தொகையை நிறுத்த முடியாது. நிறுத்தினால் நிலுவை ஏறும், சம்பளத்திலிருந்தே பிடிக்கலாம். குறைந்த வருமானக்காரருக்கான அரசு உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட் வாங்குபவர், இந்தப் பணத்தால் அது குறையும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அதை வருமானமாக எடுப்பதில்லை.