மருந்துப் பொடி கலக்குபவர்களுக்கான இழப்பீடு: எங்கே கை நழுவுகிறது

கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலையின் கொப்புள நோய்க்கு அடிக்கும் காப்பர் மருந்தை டிரம்மில் கலக்கிக்கொண்டிருந்த ஓர் அக்காவின் வலக்கண்ணில் பொடி விழுந்தது. பையின் வாயை வெட்டக் கத்தரிக்கோல் இல்லை. கையால் கிழித்தபோது காற்று எதிரே வீசிவிட்டது. மூன்று மணி நேரம் கழித்து அரசு மருத்துவமனைக்குப் போனார். சீட்டில் 'கண் எரிச்சல், 2 நாள்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்து அந்தக் கண்ணில் பார்வை மங்கியபோது அவருடன் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குச் சென்றேன். அங்கிருந்தவர் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, "வேலையில பட்டதுன்னு இதுல எங்கம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தம், பூச்சிமருந்தையும் நச்சுப் பொருளையும் கையாளுபவருக்குப் பயிற்சி, பாதுகாப்பு உடை, கழுவுமிடம், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது; மருந்து கையாளுவது பற்றிய கடமை அதிலும் தொடர்கிறது. இந்த மாற்றத்தையே காரணமாகக் காட்டி, "பழைய சட்டத்துல மனு போட்டா செல்லாது, புதுசுக்கு இன்னும் எங்களுக்கு உத்தரவு வரலை" என்று திருப்பி அனுப்பினால் திரும்பி வந்துவிடாதீர்கள். மனுவில் சட்டப் பிரிவு எதையும் எழுத வேண்டாம். என்ன வேலை, என்ன பொடி, எந்தத் தேதி, எங்கே பட்டது என்பதை எழுதினால் போதும். பொருந்தும் பிரிவைக் கண்டுபிடிப்பது சம்பளம் வாங்கும் அதிகாரியின் வேலை.

அதிகம் பேர் ஏமாறுவது பரப்பளவுக் கணக்கில்தான். பழைய தோட்டச் சட்டம் குறைந்தது 5 ஹெக்டேர் பரப்பும் 15 தொழிலாளரும் உள்ள தோட்டங்களுக்கு என்று வகுக்கப்பட்டது. நீலகிரியில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு தேயிலை விவசாயிகள் ஏராளம். பழனி மலையில் காப்பிக்குத் துருசும் (மயில்துத்தம்) சுண்ணாம்பும் கலந்து அடிக்கும் தோட்டங்களிலும் பல சிறியவை. அங்கே கூலிக்கு மருந்து அடித்தவரிடம் "உனக்குச் சட்டமே கிடையாது" என்று சொல்வது சுலபம். ஆனால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வேறு; 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்திலும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதில் யாருக்கெல்லாம் இழப்பீடு உண்டு என்று சொல்லும் அட்டவணையில், விவசாயத்திலும் தோட்டத்திலும் பூச்சிமருந்து தெளிப்பதும் தூவுவதும் தனி வேலையாகவே குறிக்கப்பட்டிருக்கின்றன. நாள் கூலி, தற்காலிகம் என்பது தடையல்ல. மேஸ்திரி ஆள் கூட்டி வந்திருந்தால், அவரை வேலைக்கு அமர்த்திய தோட்டக்காரரிடமே இழப்பீடு கேட்கலாம்.

அடுத்த பொறி முகமூடி. "நாங்கள் கொடுத்தோம், அவர்தான் கழற்றினார்" என்பது எல்லா முதலாளிகளும் சொல்லும் பதில். பாதுகாப்புச் சாதனம் என்று தெரிந்தே வேண்டுமென்று அதைக் கழற்றியவருக்கு இழப்பீடு மறுக்கலாம் என்று சட்டத்தில் ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த விலக்கு பொருந்தாது. ஆகவே வாங்காத கையுறைக்கும் கண்ணாடிக்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) முடிந்து அவசரத்தில் நீட்டும் அந்தப் பதிவேடுதான் பின்னாளில் உங்களுக்கு எதிரான சாட்சி. ஒரு துணி முகமூடியைக் கொடுத்துவிட்டு 'சுவாசக் கவசம்' என்று எழுதியிருந்தால், 'துணி மட்டும்' என்று பக்கத்திலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இனி முதல் ஒரு மணி நேரம். மலையில் தண்ணீர் ஐஸ் போல இருப்பதால் பலர் முகத்தை நனைத்துத் துடைத்துக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை மெல்லிய தாரையாக 15 முதல் 20 நிமிடம் வரை ஊற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. உடலில் காய்ந்த பொடி கொட்டினால், குறிப்பாகச் சுட்ட சுண்ணாம்பு என்றால், முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, பிறகு ஏராளமான தண்ணீரில் கழுவ வேண்டும்; சுட்ட சுண்ணாம்பு சிறிது ஈரம் பட்டாலும் சூடேறும். ஸ்வெட்டரையும் இடுப்பில் கட்டும் படங்கையும் (தார்ப்பாய்த் துணி) உடனே கழற்றுங்கள். கம்பளி நூலுக்குள் தங்கும் பொடி லயன் வீடு (தோட்டத்து வரிசை வீடு) வரை வந்து, பிள்ளையைத் தூக்கும்போது பிள்ளை மேலும் படும். வாய்க்குள் போனால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாலும் உப்புத் தண்ணீரும் வேண்டாம். மூச்சு முட்டினால் காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி உட்கார வைத்து 108ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் நச்சுத் தகவல் மையத்துக்கு 1800 116 117 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். தண்ணீர்த் தொட்டி கழுவுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றச் சொல்லும் மேற்பார்வையாளரின் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

மருத்துவமனைக்குப் புறப்படும்போது மருந்துப் பையையும் எடுத்துச் செல்லுங்கள். அதில் மருந்தின் பெயர், நச்சு அளவைக் காட்டும் நிற முக்கோணம், முதலுதவிக் குறிப்பு எல்லாம் அச்சாகியிருக்கும். பச்சை முக்கோணம் என்றால் ஆபத்தே இல்லை என்று பொருளல்ல. சிவப்பு, மஞ்சள், நீலத்தைவிட நச்சு குறைவு என்பதுதான் அதன் பொருள். பெயரில்லாத கவரில் பிரித்துக் கொடுத்த பொடி என்றால், கவரைக் கைபேசியில் படம் எடுங்கள். சாயங்காலத்துக்குள் அதை எரித்துவிடுவார்கள்.

மருத்துவரிடம், "தோட்டத்தில் மருந்து கலக்கும்போது பட்டது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லி, விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் எல்லா அரசு மருத்துவமனையிலும் புரியும். கூட வரும் தோட்டத்து ஆள் "வீட்டில் வழுக்கி விழுந்தார் என்று சொல்லிவிடு, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று காதோடு சொல்வது வழக்கம். அந்தச் செலவு இரண்டாவது வாரத்தில் நின்றுவிடுவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

பிறகு அலுவலகம். தோட்ட ஆய்வாளர் முதலாளியின் தவறை விசாரிப்பார். தேயிலைத் தொழிற்சாலைக்குள் நடந்தது என்றால் அது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் வேலை. இருவருமே உங்களுக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட முடியாது. அதைச் செய்ய வேண்டியவர் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையர்; புதிய தொகுப்பு இவரைத் 'தகுதிவாய்ந்த அதிகாரி' என்கிறது. இது தெரியாமல் ஆய்வாளரிடம் கொடுத்த மனுவுக்குப் பதில் வரும் என்று காத்திருப்பவர்கள் கோரிக்கைக்கான 2 ஆண்டுக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்கென்று தனியாக ஒரு அலைச்சல் தேவைப்படும். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் இந்த வழி மூடப்பட்டிருக்கும், இ.எஸ்.ஐ.யிலேயே பணிக்காயச் சலுகை கேட்க வேண்டும். அதற்குக் குறைந்தபட்சச் சந்தா நாட்கள் தேவையில்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. "இன்னும் ஆறு மாதம் ஆகவில்லையே" என்று கவுன்டரில் சொன்னால், அது நோய்க்கால உதவிக்கான விதி என்று சொல்லுங்கள்.

ஒரு கண்ணின் பார்வை முழுவதும் போனால் வருமான இழப்பு 30 சதவீதம், ஓரளவு போனால் 10 சதவீதம் என்று இழப்பீட்டு அட்டவணை கணக்கிடுகிறது. தொகை சம்பளத்தையும் வயதையும் வைத்து முடிவாவதால், செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) உங்கள் நாட்கள் குறைத்து எழுதப்பட்டிருந்தால் தொகையும் குறையும். கையில் ரொக்கத்தைத் திணித்து, 'இனி உரிமை கோர மாட்டேன்' என்று எழுதி வாங்கும் தாள் சட்டப்படி செல்லாது. கையெழுத்துப் போட்டுவிட்டவரும் தயங்காமல் மனுக் கொடுக்கலாம். வெற்றுத் தாளில் மட்டும் கைநாட்டு வைக்காதீர்கள். பின்னால் அதில் என்ன எழுதினார்கள் என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும்.

மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை வைப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றால் காத்திருங்கள். நாளை வா என்றால், அன்றைக்கே தபால் நிலையத்துக்குப் போய் பதிவு வசதியுடன், ஒப்புகை கேட்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடியுங்கள்.