நாடியறிதல்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'விசாரித்தல்' என்றால் இரண்டு பொருள். வீட்டுத் தமிழில் அது கேட்டறிவது. தெருவில் கேட்கும் மலையாளத்தில் 'விசாரிக்குக' என்றால் எண்ணிப் பார்ப்பது. அறிவியல் வகுப்புக்கு இந்த இரண்டுமே வேண்டும்.

ஆனாலும் பிள்ளைகளே கேள்வி எழுப்பி, சோதித்து விடை தேடும் 'இன்குயரி' (inquiry) முறையை 'விசாரணை வழிக் கற்றல்' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழில் விசாரணை என்றதும் போலீஸ் ஸ்டேஷன்தான் நினைவுக்கு வரும். மலையாளத்தில் 'விசாரண' என்றால் கோர்ட்டில் வழக்கு நடப்பது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கூண்டில் ஏற்றும் சொல் நமக்கு எதற்கு?

இன்குயரியின் வேர் லத்தீன் மொழியின் 'குவைரெரே'. தேடுதல் என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அறிவியலைச் சிந்திக்கும் முறையாகக் கற்பிக்காமல், முடிந்துபோன தகவல்களாகவே அதிகம் கற்பிக்கிறோம் என்று அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி 1910-இல் எழுதினார். இந்தக் கற்பித்தல் முறைக்கு அந்த வாதம் ஓர் அடித்தளம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'வினவல்' கேட்பதோடு நின்றுவிடுகிறது. 'கேள்வி'க்குப் பழந்தமிழில் பெரியோர் சொல்வதைக் கேட்டு அறிவது என்ற பொருளும் உண்டு. நமக்கு வேண்டியதற்கு அது நேர் எதிர். மலையாளத்தின் 'அன்வேஷணம்' பொருளில் பொருந்தும், ஆனால் நம் பேச்சில் இல்லை.

எனக்குப் பிடித்தது 'நாடு' என்ற வினை. தேடுதல், ஆராய்தல் இரண்டும் அதற்குள் உண்டு. 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்ற 948-ஆம் குறளில் நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் நாடச் சொல்கிறார் வள்ளுவர். இந்த வினையில் பிறந்த 'நாட்டம்' தொல்காப்பியத்தில் கண்ணையும் குறிக்கிறது. உற்றுப் பார்க்காமல் அறிவியல் ஏது?

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன், ஜூலையில் காற்று வீசும்போது, "துணி சீக்கிரம் காயுதே, ஏன் டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். காற்று, வெப்பம், பரப்பளவு என்று ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்கலாம். அப்படிச் செய்யாமல் ஒரே அளவு துணி இரண்டு எடுத்து, ஒரே அளவு தண்ணீரில் நனைத்து, இரண்டையும் நிழலில் போடச் சொல்லுங்கள். ஒன்று காற்றுபடும் இடத்தில், மற்றது சுவரின் மறைவில். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தராசில் எடை பார்த்து எழுதட்டும். யாராவது ஒரு துணியை மடித்துப் போட்டுவிட்டால் திருத்த அவசரப்பட வேண்டாம். "மடிச்சுப் போட்டா எப்படியும் லேட்டாத்தான் காயும், அதுக்குக் காத்து என்ன செய்யும்?" என்று இன்னொரு பிள்ளை சண்டைக்கு வரட்டும். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை மாற்றாமல் வைக்க வேண்டும் என்பதை அந்தச் சண்டையில்தான் கற்கிறார்கள்.

இதற்கு நான் வைக்கும் பெயர் நாடியறிதல். முறைக்கு 'நாடியறி முறை'. கையில் பிடித்துப் பார்க்கும் நாடியோடு பிள்ளைகள் குழப்பிக்கொள்ளலாம். அது வடமொழியிலிருந்து வந்த பெயர்ச்சொல், இது தமிழ் வினை. பேச்சில் 'தேடிப் பார்' என்றாலே போதும்.