சிஎஸ்எம்-ஐ அணைக்கும் முன் பூட் முறையைப் பாருங்கள்

போன வாரம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்து கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது. லெகசி பூட்டை, அதாவது கம்ப்யூட்டரைக் கிளப்பும் பழைய பயாஸ் முறையை, எல்லோரும் கைவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட அவர் மகன், பயாஸ் செட்டப்பில் சிஎஸ்எம்-ஐ (புதிய போர்டுகளிலும் அந்தப் பழைய முறையை ஓடவைக்கும் வசதி) அணைத்துவிட்டார். விண்டோஸ் அந்தப் பழைய முறையில் போடப்பட்டிருந்ததால் கறுப்புத் திரை, பூட் டிவைஸ் இல்லை என்று ஒரே ஒரு வரி. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று பயந்து, எல்லா பார்ட்டிஷனையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டிருக்கிறார். மூன்று வருடக் கணக்கு, பேக்கப் இல்லை. அணைத்ததைத் திரும்ப ஆன் செய்திருந்தாலே போதும், பழையபடி ஓடியிருக்கும்.

லெகசியில் ஓடினால் மெஷின் பழசு என்று நினைக்கிறீர்கள். அது தப்பு. விண்டோஸ் 8 காலத்திலிருந்து வந்த பெரும்பாலான போர்டுகளில் யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறை இருக்கிறது. அன்றைக்கு விண்டோஸ் போட்டவர் பென் டிரைவை லெகசியில் பூட் செய்திருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அமைப்புக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் பலர் இன்றும் பழக்கதோஷத்தில் அப்படித்தான் போடுகிறார்கள்.

தங்கள் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் லெகசியை நிறுத்தலாமா என்று முடிவெடுப்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். சிஎஸ்எம்-ஐ 2020க்குள் எடுத்துவிடப் போவதாக இன்டெல் 2017லேயே சொன்னது. 2021இல் வந்த விண்டோஸ் 11 யூஇஎஃப்ஐ கேட்டது. 2022இல் ஃபெடோரா 37 என்ற லினக்ஸ் பதிப்புக்கு ஒரு யோசனை வந்தது: ஏற்கெனவே லெகசியில் ஓடுபவை ஓடட்டும், புதிதாக அந்த முறையில் நிறுவ முடியாது. எதிர்ப்பு பலமாக இருந்ததால் அது நிராகரிக்கப்பட்டது. சரியான முடிவு என்பேன். இரண்டு பூட் முறைகளையும் பராமரிப்பது பெரிய பாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் யூஇஎஃப்ஐ இல்லாத, நன்றாக ஓடுகிற மெஷினை என்ன செய்வது? யூஇஎஃப்ஐ இருந்தும் லெகசியில் நிறுவியவரிடம் இன்ஸ்டாலரே அதைச் சொல்லட்டும், மாறவும் வழிகாட்டட்டும். நிறுத்துவதை அப்புறம் பேசலாம்.

உங்களுக்குச் சொல்வது இதுதான். விண்டோஸில் எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) திறந்து பயாஸ் மோட் லெகசியா, யூஇஎஃப்ஐயா என்று பாருங்கள். லினக்ஸில் சிஸ்-க்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர் (/sys/firmware/efi) இருந்தால் யூஇஎஃப்ஐ. மாற்றியே ஆக வேண்டுமா? முதலில் பேக்கப். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதை நிறுத்தி வையுங்கள். எம்பிஆர்2ஜிபிடி (mbr2gpt) என்ற விண்டோஸ் கருவி கொண்டு டிஸ்கை யூஇஎஃப்ஐக்கு ஏற்ற ஜிபிடி அமைப்புக்கு மாற்றியபிறகுதான் சிஎஸ்எம்-ஐ அணைக்கப் போக வேண்டும். பழைய கிராஃபிக்ஸ் கார்டு என்றால் அதன் பிறகு திரையே வராமல் போகலாம். அதையும் முன்பே விசாரியுங்கள்.

டிஸ்க் தெரியவில்லை என்றால், தயவுசெய்து எதையும் அழிக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள்.