சிங்கிள் மால்ட்: அந்த 'ஒற்றை' எது?

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் மாமாவோ மச்சானோ விமான நிலையக் கடையில் நின்றுகொண்டு போன் போடுவார்: "ஸ்காட்ச் கேட்டியே, சிங்கிள் மால்ட்டா, பிளென்டடா?" விலை கூடியது நல்லதாக இருக்கும் என்று நாமும் "சிங்கிள்" என்று சொல்லிவிடுவோம். எது சிங்கிள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒரே பீப்பாயில் ஊறியது என்பார் ஒருவர். ஒரே தடவை வடித்தது என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு. தமிழில் 'ஒற்றை மால்ட்' என்று எழுதும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது.

மால்ட் என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். நமக்கு அது விஸ்கி வழியாக வந்த சொல் அல்ல, ராகி மால்ட் வழியாக வந்தது. கேழ்வரகை இரவு முழுக்க ஊறவைத்து, நீரை வடித்து, ஈர வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ அவிழ்த்தால் துணியின் இழைகளுக்குள் வெள்ளை முளைகள் புகுந்திருக்கும். அதை நிழலில் உலர்த்தி, வறுத்து, திரித்தால் கைக்குழந்தைக்குக் கஞ்சி மாவு. உலர்ந்த முளைதானியத்தில் நாலைந்தை எடுத்து மென்று பாருங்கள், மெல்ல இனிக்கும். முளை விடும்போது தானியத்துக்குள் நொதிகள் எழுந்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்கிவிடுகின்றன. மால்ட் என்பது இவ்வளவுதான்: முளைக்கவைத்து, முளை மேலும் வளராமல் உலர்த்தி நிறுத்திய தானியம்.

ஸ்காட்லாந்தில் இதே வேலையை வாற்கோதுமையில், அதாவது பார்லியில் செய்கிறார்கள். வால் + கோதுமை. பார்லிக் கதிரின் முனையில் நீண்டு நிற்கும் கூர் இழைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது தெரியும். ஊறிய பார்லியைக் கல்தளத்தில் பரப்பி, மரத் துடுப்பால் புரட்டிப் புரட்டி முளைக்கவிட்டு, சூளையில் உலர்த்துவது பழைய முறை. இன்று பெரும்பாலான இடங்களில் இயந்திரம்தான். சில ஊர்களில் சூளைக்குப் பீட் என்னும் சதுப்புநிலக் கரியை எரிப்பார்கள். அந்தப் புகை தானியத்தில் ஏறி, கடைசியில் கோப்பை வரைக்கும் வந்துவிடும்.

மால்ட் பழைய ஆங்கிலச் சொல். உருகு என்று பொருள்படும் 'மெல்ட்' என்பதோடு வேர் உறவு கொண்டது. கெட்டித் தானியம் மென்மையாவதைக் குறித்து எழுந்த பெயர். நம்முடைய 'மெல்' ஞாபகத்துக்கு வரலாம். அது ஒலி ஒற்றுமை மட்டுமே. அதை வைத்து மால்ட் தமிழ்ச்சொல் என்று நிறுவப் போவது சொல்லாராய்ச்சி ஆகாது.

விஸ்கி, ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கிலிருந்து வந்த சொல். 'உஷ்கெ பாஹா' என்றால் உயிர்நீர். லத்தீனில் துறவிகள் வழங்கிய 'அக்வா விட்டே' என்ற பெயரின் நேர் மொழிபெயர்ப்பு அது. காலப்போக்கில் பின்பாதி உதிர்ந்து, நீர் என்ற முன்பாதி மட்டும் விஸ்கி என்று திரிந்து நின்றது. கேலிக்கின் 'உஷ்கெ', ஆங்கிலத்தின் 'வாட்டர்', ரஷ்யரின் 'வோட்கா', வடமொழியின் 'உதகம்' எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. உதகம் நம் கல்வெட்டுகளிலும் உண்டு. நிலதானத்தை 'உதகபூர்வம் செய்து' கொடுத்தார்கள். அதையே நல்ல தமிழில் 'நீரட்டிக் கொடுத்தேன்' என்றும் வெட்டிவைத்திருக்கிறார்கள்.

1494ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து அரசுக் கணக்கில், மன்னர் ஆணைப்படி அக்வா விட்டே செய்ய ஜான் கோர் என்ற துறவிக்கு எட்டு மூட்டை அளவு மால்ட் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. விஸ்கி என்ற பெயர் புழங்காத காலத்திலேயே மால்ட் கணக்கில் ஏறிவிட்டது.

இப்போது 'சிங்கிள்'. 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிகள் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஒரே ஆலையில், முளைத்த பார்லியை மட்டும் கொண்டு, பானை வடிவ வாலையில் வடித்ததே சிங்கிள் மால்ட். வாலை என்பது சித்த மருத்துவர்கள் தீநீர் இறக்கும் கலம். ஸ்காட்லாந்தில் அது ஆள் உயரத்தைத் தாண்டிய செம்புக் கலம். வடித்ததை 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் ஸ்காட்லாந்திலேயே வைத்திருக்க வேண்டும். அந்த ஆலையின் நூறு பீப்பாய்களை ஒன்றாகக் கலந்தாலும் அது சிங்கிள் மால்ட்தான். ஆக, ஒற்றை என்பது ஆலையைக் குறிக்கிறது.

ஆலைக்கு ஈழத்தமிழில் ஓர் அருமையான சொல் இருக்கிறது: வடிசாலை. யாழ்ப்பாணத்தில் பனஞ்சாராயம் வடிக்கும் திக்கம் வடிசாலையை அறிந்தவர்களுக்கு இது அன்றாடச் சொல். தமிழ்நாட்டில் நாம்தான் 'டிஸ்டில்லரி' என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்தச் சொல்லை வைத்து, சிங்கிள் மால்ட்டை 'ஒருசாலை முளைத்தானிய விஸ்கி' என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. பேச்சில் 'ஒருசாலை' போதும். பல ஆலைகளின் மால்ட்டைக் கலந்த 'பிளென்டட் மால்ட்' அப்போது 'பலசாலை' ஆகிவிடும். மால்ட்டோடு பிற தானிய விஸ்கியையும் சேர்த்த சாதாரண பிளென்டட் ஸ்காட்ச் 'கலப்பு விஸ்கி'. மூன்றுக்கும் உள்ள வேறுபாடு பெயரிலேயே வந்துவிடுகிறது. மால்ட்டுக்கு 'முளைமா' என்பது சுருக்கமாக இருந்தாலும் மாவை மட்டும் நினைவூட்டும். சங்கப் பாடலில் யவனர் கொண்டுவந்த மதுவுக்குத் 'தேறல்' என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் அது தெளியவைத்த மது, வாலையில் வடித்தது அல்ல. விஸ்கி என்ற சொல்லை, காப்பியைப் போல அப்படியே வைத்துக்கொள்வதில் தவறில்லை.

முதல்முறை வாங்குபவருக்குப் பாட்டிலில் ஒட்டிய சீட்டில் உள்ள சொற்களே பாதி வழிகாட்டும். 12 என்ற எண், கலந்தவற்றில் மிக இளையதற்கு 12 வயது என்று சொல்கிறது. 'கிளென்' என்றால் பள்ளத்தாக்கு. கிளென்ஃபிடிக் மான் பள்ளத்தாக்கு, அதனால்தான் சீட்டில் கலைமான் நிற்கிறது. அதன் 12, கிளென்லிவெட் 12 இரண்டும் ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு வட்டாரத்தவை. பேரிக்காய், ஆப்பிள் போன்ற பழவாசம், புகை இல்லை. தொடங்க நல்லவை. ஷெர்ரி என்னும் ஸ்பானியத் திராட்சை மது இருந்த பீப்பாய் என்று போட்டிருந்தால் உலர்திராட்சையின் கனம் வரும், பர்பன் என்னும் அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய் என்றால் வனிலா. ஐலா தீவின் லஃப்ரோய்க், ஆர்ட்பெக் போன்றவை பீட் புகையும் அயோடின் நெடியும் தூக்கலாக உள்ளவை. எழுத்தைப் பார்த்து 'இஸ்லே' என்று வாசிக்க வேண்டாம், 'ஐலா'தான். இவற்றை முழுப் பாட்டிலாக வாங்குமுன் எங்காவது ஒரு சிறு அளவு சுவைத்துப் பார்த்துவிடுங்கள்.

வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி முதலில் முகர வேண்டும். ஒரு மடக்கு அப்படியே, பிறகு அரைத் தேக்கரண்டி தண்ணீர் விட்டு இன்னொரு மடக்கு. சோடாவும் ஐஸும் அன்றைக்கு வேண்டாம். குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும்.