ராக்கபில்லி: இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றது?

ராக்கபில்லிங்கறது ஒரு இசை வகை, பேரு ரெண்டு சொல்லை வெட்டி ஒட்டினது, ராக் அண்ட் ரோல்ல இருந்து ராக், ஹில்பில்லில இருந்து பில்லி. 1956 வாக்குல அமெரிக்காவுல புழக்கத்துக்கு வந்துச்சு. இதுல வில்லங்கம் புடிச்சது ஹில்பில்லிதான். ஹில்னா மலை, பில்லி வில்லியமோட செல்லப்பேரு, ஆக மலைக்காட்டுல கிடக்கற எவனோ ஒரு பில்லி, நம்ம குப்பன் சுப்பன் மாதிரி. அப்பலாச்சியன் மலைப்பக்கத்து ஏழை வெள்ளைக்காரங்களை டவுன்காரங்க நக்கலடிச்சது இது, அவங்க பாட்டுக்கும் இதே பேரு ஒட்டிக்கிச்சு, 1949ல பில்போர்ட்ங்கற இசைப் பத்திரிகை கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்னு மரியாதையா ஒரு பேர் வெச்ச பிறகும் வாய்ல இருந்து போகல.

ராக்கபில்லி பாடகர் கார்ல் பெர்கின்ஸ் கதை தெரிஞ்சா இந்தச் சொல் இன்னும் நல்லா புரியும். 1932ல டென்னசில பொறந்தவர், நிலத்தை வாரத்துக்கு எடுத்துப் பருத்தி போட்ட குடும்பம், அப்பா சுருட்டுப் பெட்டியில துடைப்பக்கட்டையைச் செருகி முதல் கிடாரைப் பண்ணிக் குடுத்தாராம். வாசிக்கக் கத்துக் குடுத்தது அதே வயல்ல வேலை பாத்த ஜான் வெஸ்ட்புரூக்ங்கற கறுப்பினப் பெரியவர். வெள்ளைக்காரங்களோட கன்ட்ரியும் கறுப்பினத்தவரோட ப்ளூஸும் ஒரே கைவிரல்ல சேந்தது இப்படித்தான். தம்பி கிளேட்டன் டபுள் பேஸ்ங்கற ஆளுயர வாத்தியத்தோட நரம்பை இழுத்து விடுவார், அது கட்டையில பட்டு டக்கு டக்குன்னு அடிக்கும், டிரம்ஸே வேண்டாம்னு தோணும்.

1955 டிசம்பர்ல மெம்ஃபிஸ் சன் ஸ்டூடியோல அவர் பாடின 'ப்ளூ ஸ்வேட் ஷூஸ்' உருளைக்கிழங்கு வந்த காகிதப் பையில எழுதின பாட்டு. பாப், கன்ட்ரி, ரிதம் அண்ட் ப்ளூஸ்னு மூணு ஹிட் லிஸ்ட்லயும் ஏறிடுச்சு. ஆனா நேரம்! 1956 மார்ச்ல டிவி ஷோவுக்கு நியூயார்க் போற வழியில கார் ஆக்சிடென்ட், அவர் தேறி எழுந்திரிக்கறதுக்குள்ள எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாடி நாடு பூரா தன் பாட்டாவே ஆக்கிட்டார். பெர்கின்ஸ் அப்புறம் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் கச்சேரிகள்ல கூட வாசிச்சார், பீட்டில்ஸ் இவர் பாட்டுகளை ரெக்கார்ட் பண்ணாங்க, 1998ல காலமானார்.

சரி, தமிழ்ச் சொல்? சிலர் ராக்குக்குப் 'பாறை இசை'ங்கறாங்க, அது தப்பு, இங்க ராக்னா கல்லு இல்ல, தொட்டில் ஆடற மாதிரி ஆடறது. 'மலைநாட்டு இசை'ன்னா டீசென்ட்டா இருக்கு, ஆனா உள்ள இருக்கற நக்கல் காணாமப் போயிடுது. 'நாட்டுப்புற இசை'ன்னா ஃபோக்குக்கும் இதுக்கும் குழப்பம். அந்த ஏளனத்தோட சொல்லணும்னா 'பட்டிக்காட்டு ஆட்டப்பாட்டு'தான் கிட்ட வருது. கட்டுரைல எழுதறப்ப ராக்கபில்லின்னே போட்டு பக்கத்துல இதைக் குடுத்துடுங்க, தனியா இதை மட்டும் எழுதினா கரகாட்டம்னு நினைச்சுப்பாங்க.